ஒழுகவேண்டிய கூரை

மண்ணூர்பேட்டைப் பள்ளிக்கூடத்தில் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்களே, பின் பெஞ்சிலிருந்து என் முதுகில் சாக்பீஸ் எறிந்தவர்களே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். நமக்கெல்லாம் காதோரம் ஒன்றிரண்டு வெள்ளை முடி வந்தாயிற்று. இப்போதும் நீங்கள் நம்பவில்லையென்றால் அது உங்கள் பாடு.

நீங்கள் எனக்கு வைத்த பெயர் ‘சனி லீவு’. மழைக்கு விட்ட விடுமுறையை ஈடுகட்டச் சனிக்கிழமைகளில் வகுப்பு வைப்பார்களே, அந்த நாட்களில் நான் வரமாட்டேன். திங்கட்கிழமை கணக்கு வாத்தியார் எழுப்பி நிறுத்துவார். வயிற்றுவலி என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் உட்கார வைத்திருப்பார். நான் சொல்லமாட்டேன்.

“சனிக்கிழமை எங்களுக்கு ஓய்வுநாள் சார். நாங்க யூதருங்க.”

நீங்கள் சிரித்தீர்கள். வாத்தியாரும் சிரித்தார். “யூதன்னா வெள்ளைக்காரன்டா. கண்ணாடியில உன் மூஞ்சியப் பாத்திருக்கியா?”

“தெனம் பாக்கறேன் சார்.”

அதற்கு உள்ளங்கையில் விழுந்த பிரம்படி அன்றைக்கே ஆறிவிட்டது. ‘நாங்க யூதருங்க’ என்ற பதிலை மட்டும் நான் இன்னும் திரும்பப் பெறவில்லை.

எங்கள் குடும்பத்தில் எழுத்துக்கூட்டிப் படித்த முதல் ஆள் நான். அப்பா மீன்பாடி வண்டி ஓட்டினார். பெயர்தான் மீன்பாடி, அதில் மீன் ஏறி நான் பார்த்ததில்லை. முன்னால் இரண்டு சக்கரத்தின் மேல் ஒரு பெரிய பலகை, பின்னால் ஒரு சக்கரத்தின் மேல் சீட்டு. எஸ்டேட் என்று நாங்கள் சொல்லும் தொழிற்பேட்டையில் ஒரு வார்ப்புப் பட்டறையிலிருந்து கறுத்த இரும்புத் துண்டுகளை ஏற்றி லேத்துப் பட்டறையில் இறக்குவார். மாலையில் அவர் மேலிருந்து சுட்ட மணல் வாசனை வரும். எஸ்டேட் வருவதற்கு முன்னால் அங்கே வயல் இருந்தது. தாத்தா அதில் நாற்று நட்டார். அப்பா பெடல் மிதித்த இடத்தில்தான் தாத்தா சேறு மிதித்திருக்கிறார். வயல் பெரிய வீட்டுக்காரருடையது. அவரைப் பிறகு பார்ப்போம், அவராகவே வருவார்.

பம்பாய் மாமா முதலில் வந்தார். பிறவி யூதர், மராத்தி பேசுகிறவர். ஆவடிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலைக்கு வந்து, ஓய்வு பெற்ற பிறகும் ஊர் திரும்பாமல் கோவில்பதாகையில் வாடகைக்கு வீடு எடுத்தார். மனைவி இல்லை, பிள்ளைகள் இல்லை. சாமான்களை ஏற்றி வந்தது அப்பாவின் வண்டி. கட்டிலை இறக்கும் முன்பே மாமா ஒரு சுத்தியலை எடுத்து, விரல் நீளத்தில் ஒரு டப்பியை வாசற்காலில் சாய்வாக அறைந்தாராம்.

“இது இன்னா சார், மீட்டரா?” என்று அப்பா கேட்டிருக்கிறார்.

“இல்லை. கடவுள் சொன்ன வார்த்தை உள்ளே இருக்கு. போகும்போது தொடணும். வரும்போது தொடணும்.”

“நான் தொடலாமா?”

அப்பா அப்படிக் கேட்டதற்குக் காரணம் இருந்தது. ஊர்க்கோயிலில் வெளியே நின்ற சனம் நாங்கள். தாத்தா காலத்தில் வேதத்தில் சேர்ந்து கிறிஸ்தவரானோம். மாதா கோயிலில் உள்ளே விட்டார்கள், ஆனால் இடது பக்கம் எங்களுக்கென்று தனி வரிசை. பம்பாய் மாமாவுக்குக் கேள்வியே புரியவில்லை. “கை இருக்கு இல்லே? தொடு” என்றார்.

அப்பா தொட்டார். அடுத்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் குளித்து, வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, சாமான் எதுவும் ஏற்றாத வண்டியில் அதே வாசலுக்குப் போனார். மாமா இரண்டு மெழுகுவர்த்தி ஏற்றி வைத்துவிட்டுத் தனியாக ஒரு பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார். அதற்கடுத்த வாரம் அம்மாவும் நானும் போனோம். பிறகு அப்பாவின் அக்கா, அதாவது என் அத்தை, தன் பிள்ளைகளோடு வந்தாள். பிறகு லேத்துப் பட்டறை அண்ணன் தம்பிகள் மூன்று பேர். இப்படித்தான் எங்கள் சபை உண்டானது. என்ன தத்துவத்தைப் பார்த்துப் போனீர்கள் என்று கல்லூரியில் ஒருவர் கேட்டார். கை இருக்கு இல்லே, தொடு. அவ்வளவுதான் தத்துவம்.

ஆனால் பம்பாய் மாமா கறார் பேர்வழி. ஒவ்வொரு வாரமும் தொழுகை முடிந்ததும் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு சொல்வார்: “நீங்க வாங்க, பாடுங்க, சாப்பிடுங்க. ஆனா ஒண்ணு. நீங்க இன்னும் யூதர் இல்லே. அதுக்கு மூணு பேர் பெரியவங்க உட்காரணும், கேள்வி கேக்கணும், குளத்துல முங்கணும்.”

“செரி அண்ணாத்தே, முங்கலாம். மொதல்ல அந்தப் பாட்ட இன்னொரு தபா சொல்லிக் குடு” என்பாள் அத்தை. எங்களைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டுவாள். “அவரு அசலு, நாம ஜெராக்ஸு. எழுத்து ஒண்ணுதான?”

தொழுகைக்குப் பத்து ஆண்கள் வேண்டும். ஆனால் மனிதரை விரல் நீட்டி எண்ணக்கூடாதாம். அதனால் மாமா எங்களைப் பார்த்து, “ஒண்ணு இல்லே, ரெண்டு இல்லே, மூணு இல்லே” என்று எண்ணுவார். பெரும்பாலும் “ஒம்பது இல்லே”யில் நின்றுவிடும். லேத்துக்காரர்களில் கடைசித் தம்பியைச் சாராயக் கடையிலிருந்து கூட்டிவர அப்பா வண்டியை எடுத்துக்கொண்டு ஓடுவார். தம்பி உள்ளே நுழைந்து சுவரில் சாய்ந்ததும் மாமாவின் முகம் மலர்ந்துவிடும். “பத்து இல்லே!” நாங்கள் இன்னும் யூதர் இல்லையென்றால் அந்தப் பத்தில் எங்களை எப்படிச் சேர்க்கிறார் என்று நான் ஒருமுறை கேட்டேன். “அதனாலதான் இல்லே, இல்லேன்னு எண்றேன்” என்றார். இப்போது நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு வருகிறது.

பஸ்கா பண்டிகை வந்தால் எங்கள் லைன் வீட்டுக்கே கொண்டாட்டம். புளித்த மாவு வீட்டில் இருக்கக்கூடாது என்பது விதி. மாமா கோதுமையைத்தான் சொன்னார். அம்மாவும் அத்தையும் இட்லி மாவு, பழைய சோறு, மோர் எல்லாவற்றையும் வெளியே தள்ளினார்கள். “அரிசிக்குச் சட்டம் இல்லேம்மா!” என்று மாமா கதறினார். “புளிச்சது புளிச்சதுதான்” என்றாள் அம்மா. குண்டான் நிறைய மாவு பக்கத்து வீடுகளுக்குப் போகும். அவர்கள் ஒரு வாரம் இட்லி சுட்டார்கள். நாங்கள் ஒரு வாரம் வரட்டி மாதிரி ஒரு ரொட்டியை மென்றோம். பங்குனி பிறந்ததும் கோடி வீட்டுக்காரி கேட்பாள்: “யக்கா, உங்க சாமி எப்போ மாவ வெளிய போடச் சொல்லும்?”

இதெல்லாம் நாலு சுவருக்குள் நடந்தது. நாலு சுவருக்குள் இருந்தவரை யாரும் எங்களைச் சீண்டவில்லை.

கூடாரப் பண்டிகைதான் சுவருக்கு வெளியே வந்தது. எகிப்தில் அடிமைகளாக இருந்து தப்பி வந்தவர்கள் நாற்பது வருடம் வனாந்தரத்தில் கூடாரத்தில் கிடந்தார்களாம். அதை மறக்காமலிருக்க வருடத்தில் ஏழு நாள் கொட்டாய் போட்டு அதில் சாப்பிட வேண்டும். கூரை இலை தழையால் இருக்க வேண்டும். நிழலும் விழ வேண்டும், இடுக்கு வழியாக நட்சத்திரமும் தெரிய வேண்டும். மரத்தடியில் போட்டால் செல்லாது. தலைக்கு மேல் நேரே வானம் இருக்க வேண்டும். மாமா வீட்டு முற்றம் முழுக்க வீட்டுக்காரரின் மாமரம் கவிந்திருந்தது. அதனால் வருடா வருடம் அந்தப் பண்டிகையை மட்டும் பழம் தின்று முடித்துக்கொள்வோம்.

அந்த வருடம் அப்பா சொன்னார்: “எங்க பக்கம் கால்வா ஓரத்துல வானம் சும்மாதான் கீது.”

எங்கள் லைன் வீட்டுக்குப் பின்னால் கால்வாய் ஓரமாக ஒரு துண்டுப் புறம்போக்கு. எருமை கட்டுவார்கள், துணி காயப்போடுவார்கள். அதை ஒட்டிப் பெரிய வீட்டுக்காரரின் கடைசி வயல். கல் நட்டு மனையாக விற்றுக்கொண்டிருந்தார். அப்பாவும் லேத்துக்காரர்களும் ஒரு மத்தியானத்தில் நாலு சவுக்குக் கம்பு நட்டு, பழைய சேலைகளைச் சுற்றிலும் கட்டி, மேலே ஈச்ச ஓலையும் வேப்பங்கிளையும் பரப்பினார்கள். கலர் காகிதத்தில் சங்கிலி செய்து தொங்கவிட்டது நான். அத்தை ஒரு சீப்பு வாழைப்பழத்தையும் நார்த்தங்காய்களையும் நூலில் கட்டினாள். பச்சை ஓலை, வேப்பிலை, நார்த்தங்காய்த் தோல், கால்வாயின் சாக்கடை — எல்லாம் கலந்த அந்த வாசனை இன்றைக்கும் மழைக்கு முன்னால் எனக்கு வரும். அரிக்கேன் விளக்கை ஏற்றியதும் சேலைகள் ஒளி பட்டு மஞ்சளும் சிவப்புமாகத் தெரிந்தன.

பண்டிகை பௌர்ணமியில் தொடங்குகிறது. நம் ஊரில் அது ஐப்பசி அடைமழைக்கு வாசல் திறக்கிற நேரம். மாமா ஆசீர்வாதம் சொல்லி முடிக்கவில்லை, மழை பிடித்துக்கொண்டது. சாம்பாரில் மழை விழுந்தது. காகிதச் சங்கிலியின் சிவப்புச் சாயம் கரைந்து மாமாவின் வெள்ளைச் சட்டையில் சொட்டியது.

“எழுந்திருங்க, உள்ளே போலாம்” என்றார் மாமா. “மழை வந்தா உள்ளே சாப்பிட அனுமதி இருக்கு.”

அப்பா அசையவில்லை. “கெடக்கட்டும் மாமா. நனைவோம்.”

“அட, மழையில பிடிவாதமா உட்கார்றவன் முட்டாள்னு எங்க பெரியவங்களே சொல்லி வெச்சிருக்காங்கப்பா!”

“அப்ப நான் முட்டாளு. ஏழு நாளைக்கு.”

அத்தைதான் விளக்கினாள், சோற்றுத் தட்டின் மேல் முந்தானையைப் பிடித்தபடி. “அண்ணாத்தே, எங்கப்பன் குடிசையில இதே மாரிதான் ஒழுவும். சட்டி, குண்டான், சொம்பு அல்லாத்தையும் ஒழுவற எடத்துல வெப்போம். உள்ள போவ உள்ளுன்னு ஒண்ணு கெடயாது. அப்ப விதியேன்னு நனைஞ்சோம். இப்ப நாங்களா போட்டு, நாங்களா ஓட்ட வுட்டு, நாங்களா நனையறோம். வித்தியாசம் கீதா இல்லியா?”

மாமா நனைந்த குல்லாவைப் பிழிந்து தலையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். “சாம்பார் தண்ணியாப் போச்சு” என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் காலை பெரிய வீட்டுக்காரர் வந்தார். வெள்ளை வேட்டி, கறுப்புக் குடை. கூடவே ஏட்டு. ஏன் வந்தார் என்பது இப்போது எனக்குப் புரிகிறது, அன்று புரியவில்லை. நம் பக்கத்தில் இடம் வளைப்பது எப்படி? ராத்திரியோடு ராத்திரியாகக் கம்பு நட்டு, ஓலை போட்டு, கட்சிக்கொடி ஒன்றைச் சொருகிவிடுவார்கள். பொழுது விடிந்தால் குடிசை. வருஷம் போனால் பட்டா கேட்டு ஊர்வலம். அவருடைய வேறொரு மனையில் அப்படி நடந்திருந்தது. எங்கள் கொட்டாயை அவர் வேறு எப்படிப் பார்த்திருப்பார்? ஆனால் ‘இது என்ன’ என்று கேட்டிருக்கலாம். அவர் கேட்கவில்லை.

“டேய், நீ அந்தக் கெழவன் மவன்தான? ஒங்கப்பன் எங்க ஊட்டு வாசப்படி ஏறினதில்ல. நீ எடம் வளைக்கற அளவுக்கு வந்துட்டியா?”

“எடம் வளைக்கல ஐயா. பண்டிகை. ஏழு நாளு. எட்டாவது நாளு நானே பிரிச்சிடறேன்.”

“அல்லாரும் அப்பிடித்தான் சொல்வானுங்க.”

ஏட்டு கொட்டாயைச் சுற்றி வந்தார். எதையோ தேடினார். “கொடி எங்கய்யா?”

“கொடி இல்லீங்க” என்றார் அப்பா.

“எந்தக் கச்சி?”

“கச்சி இல்ல ஏட்டையா, கடவுளு” என்றாள் அத்தை.

ஏட்டு அண்ணாந்து பார்த்தார். வாழைப்பழமும் நார்த்தங்காயும் அவர் தொப்பிக்கு மேல் ஆடின. “கட வெக்கப் போறீங்களா?” ஓலை இடுக்கிலிருந்து ஒரு சொட்டு அவர் மூக்கில் விழுந்தது. “யோவ், இன்னாய்யா இது, கூர இப்பிடி ஓட்டையா கீது? இதுல எவன் குடியிருப்பான்?”

“அதத்தான் சொல்றோம்” என்றார் அப்பா.

பெரிய வீட்டுக்காரர் கேட்கவில்லை. பண்டிகையாக இருந்தால் உன் வீட்டுக்குள் கொண்டாடு, கால்வாய் ஓரம் காலியாக வேண்டும் என்றார். அப்பா, “எங்க பண்டிகைக்கு வானம் வேணும் ஐயா. எங்க ஊட்டுக்கு மேல ஆஸ்பெஸ்டாஸ் கீது” என்றார். நான் கேட்டு, அப்பா அவரிடம் எதிர்த்துப் பேசிய முதல் பேச்சு அது. சாதாரணக் குரலில்தான் சொன்னார். அம்மாவின் கை மட்டும் என் தோளை இறுக்கிப் பிடித்திருந்தது.

பண்டிகையின் முதல் நாட்கள் கழிந்து நடுநாட்கள் வந்தன. அந்த நாட்களில் வேலைக்குப் போகலாம். அப்பா லோடு ஏற்றப் போயிருந்தபோது பெரிய வீட்டு ஆட்கள் இரண்டு பேர் கடப்பாறையோடு வந்தார்கள். அத்தை உள்ளே போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டாள். அவளை விட்டுவிட்டு நாலு கம்பையும் பிடுங்கினார்கள். ஓலை அவள் தலைமேல் சரிந்தது. அதற்குள்ளிருந்து அவள் திட்டிய திட்டுகளை இங்கே எழுத முடியாது. மாமா அன்று பேருந்து பிடித்து வந்திருந்தார். “ஏன்? ஏன்?” என்று ஒரே வார்த்தையைச் சொல்லிக்கொண்டு அவர்களுக்குக் குறுக்கே ஓடினார். அவருடைய குல்லா சேற்றில் விழுந்தது. நாங்கள் ஆசீர்வாதம் சொல்லக் கையில் பிடிக்கும் பெரிய நார்த்தங்காய், காம்பு உடையாமல் அம்மா பஞ்சில் சுற்றி வைத்திருந்தது, உருண்டு கால்வாயில் போயிற்று. மஞ்சளாகக் கொஞ்ச தூரம் மிதந்தது. பிறகு ஆகாயத்தாமரைக்குள் மாட்டிக்கொண்டது.

அப்பா வந்து பார்த்தார். ஒடிந்த கம்புகளைப் பொறுக்கி அடுக்கினார். “இன்னும் எத்தினி நாளு பாக்கி?” என்றார் மாமாவிடம்.

“போதும்பா. நாம முயற்சி செய்தோம். கடவுள் புரிஞ்சுக்குவார்.”

“கடவுளுக்குப் புரியும். பெரிய ஊட்டுக்காரருக்குப் புரியணுமே. இத்தோட வுட்டா, அடுத்த வருசம் நாம நெனச்சாலும் கை வராது மாமா. ஒரு தபா தொரத்தினா எங்க சனம் அந்தப் பக்கமே போவாது. எங்கப்பன் போனதில்ல.”

லேத்துக்காரர்களில் கடைசித் தம்பி, அன்று தெளிவாக இருந்தவன், “தரையில கால் நட்டாத்தான தகராறு? தரை இல்லாம போட முடியாதா?” என்று எரிச்சலோடு கேட்டான். சும்மா கேட்டதுதான்.

மாமா துடைத்துக்கொண்டிருந்த கண்ணாடியை அப்படியே நிறுத்தினார். “போடலாம்” என்றார். “விதி இருக்கு. கப்பல் மேலே போடலாம். வண்டி மேலே கூடப் போடலாம். செல்லும்.”

எல்லோரும் ஒரே நேரத்தில் அப்பாவின் வண்டியைத் திரும்பிப் பார்த்தோம். அது சுவரோரமாக, இரும்புத் துகள் மின்ன, ஒன்றும் தெரியாததுபோல நின்றிருந்தது.

அடுத்த நாள் மத்தியானம் வண்டி புறப்பட்டபோது நீங்கள் எல்லோரும் பார்த்தீர்கள். பள்ளிக்கூட மணி அடித்து வெளியே வந்த நேரம். பலகையின் நாலு மூலையிலும் கம்பு, மூன்று பக்கம் சேலை, மேலே புது ஓலை, தொங்கும் வாழைப்பழம், பூச்சரம். உள்ளே மாமா, அத்தை, அம்மா, மடியில் சோற்றுக் குண்டானோடு நான். பின்னால் அப்பா மிதிக்க, லேத்துக்காரர்கள் தள்ளினார்கள். நீங்கள் கத்திக்கொண்டு பின்னால் ஓடி வந்தீர்கள். “சனி லீவு! சனி லீவு!” நான் சேலையை விலக்கி உங்களுக்குக் கை காட்டினேன். ராஜா மாதிரி காட்டினேன். ஒளிந்துகொள்வேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள்.

எஸ்டேட் வாசலில் ஷிப்டு விட்டுச் சனம் கொட்டியது. டீக்கடையிலிருந்து ஒருவன், “மாமே, ஊட்ட எங்க ஓட்டிகினு போற?” என்றான். இன்னொருவர் பச்சை ஓலையையும் பூவையும் பார்த்துவிட்டுத் தோள் துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு, “யாரு பூட்டாங்க?” என்று தணிந்த குரலில் கேட்டார்.

அத்தை தலையை வெளியே நீட்டினாள். “ஒருத்தரும் பூவல. அல்லாரும் உசுரோடதான் கீறோம். பழம் வோணுமா?” ஒரு வாழைப்பழத்தைப் பிய்த்து அவர் கையில் வைத்தாள்.

அப்பா எங்கும் நிற்கவில்லை. வண்டியைப் பெரிய வீட்டு வாசலுக்கு எதிரே, ரோட்டின் இந்தப் பக்கம், கொண்டுபோய் நிறுத்தினார். பின்சக்கரத்துக்கு ஒரு செங்கல் வைத்தார். ஏறி உட்கார்ந்தார். அம்மா தட்டுகளை எடுத்தாள்.

பெரிய வீட்டுக்காரர் வெளியே வந்தார். சத்தம் கேட்டு ஏட்டும் சைக்கிளில் வந்தார். “பாருய்யா, எங்க ஊட்டு வாசல்லயே வந்து குடிச போட்டுட்டானுங்க!”

ஏட்டு குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்தார். கம்பு தரையில் படுகிறதா என்று கையை விட்டுப் பார்த்தார். எழுந்து முழங்காலைத் தட்டினார். “ஒரு காலும் தரையில இல்ல சார். சக்கரம் கீது. வண்டி ரோட்டுல ஓரமா நிக்கலாம்.” முகத்தைக் கடுமையாக வைத்துக்கொள்ள அவர் பட்ட பாடு எங்களுக்குத் தெரிந்தது. பிறகு மாமாவிடம் கொஞ்சம் மரியாதையாகக் கேட்டார்: “நீங்க படிச்சவரு, பெரிய உத்தியோகத்துல இருந்தவரு மாரி கீறீங்க. இவுங்க யாரு ஒங்களுக்கு? இவுங்களோட இன்னாத்துக்கு இப்பிடி?”

மாமா தமிழ் வார்த்தைக்காகக் கொஞ்சம் திணறினார். “எங்க ஆளுங்க” என்றார். “யூதருங்க.”

வண்டிக்குள் சோறு மெல்லும் சத்தம் நின்றது. அத்தை முழங்கையால் அவரை இடித்தாள். “யோவ் அண்ணாத்தே, வாராவாரம் இன்னும் இல்ல, இன்னும் இல்லன்னுவியே?”

“அது உள்ளே பேசறது” என்றார் மாமா, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே. “இது வெளியே பேசறது.”

பண்டிகை நாட்களில் விருந்தாளி ஒருவரைக் கொட்டாய்க்கு அழைக்க வேண்டும் என்பதும் விதி. அப்பா இறங்கி, ரோட்டைக் கடந்து, அந்த வாசற்படிக்கு முன்னால் போய் நின்றார். படியில் கால் வைக்கவில்லை.

“ஐயா, வாங்க. ஒரு வாய் சாப்ட்டுப் போங்க. எடம் கீது.”

அவர் அப்பாவைப் பார்த்தார். வண்டியைப் பார்த்தார். எங்கள் ஆள் ஒருவன் அவரைச் சாப்பிடக் கூப்பிடுவான் என்று அவர் வாழ்நாளில் நினைத்திருக்கமாட்டார். கோபப்படக்கூட அவருக்கு வழி தெரியவில்லை. “எப்போ போவீங்க?” என்றார்.

“சாப்ட்டதும்.”

அவர் உள்ளே போய்விட்டார். அப்பா திரும்பி வந்து ஏறினார். மாமா எண்ணினார்: ஒண்ணு இல்லே, ரெண்டு இல்லே. எட்டைக்கூடத் தாண்டவில்லை. ஆனாலும் பாடினோம்.

மழை வந்தது. மாமா இந்த முறை உள்ளே போகலாம் என்று சொல்லவில்லை. போக உள்ளும் இல்லை. ரசம் தண்ணீராயிற்று. சேலைகள் நனைந்து ஒட்டின. அப்போது பெரிய வீட்டுக் கதவு திறந்து, கம்பு பிடுங்க வந்த அதே ஆட்களில் ஒருவன் கையில் பச்சைத் தார்ப்பாயோடு ஓடி வந்தான். “ஐயா குடுத்தாரு. மேல மூடிக்கச் சொன்னாரு. புள்ள நனையுதாம்.”

அந்தத் தார்ப்பாயைப் பற்றி நான் பல வருடம் யோசித்திருக்கிறேன். இரக்கமா? ஊர் பார்க்கிறதே என்ற வெட்கமா? பிய்த்துப்போட்டதற்கு ஈடா? மூன்றுமாக இருக்கலாம். அம்மா அதை வாங்கக் கையை நீட்டிவிட்டாள். அன்று எனக்குக் குளிரில் பல் அடித்துக்கொண்டிருந்தது.

அப்பா அதை வாங்கினார். ஈரம் உதறி, நாலாக மடித்து, அதே கையில் திருப்பிக் கொடுத்தார்.

“ஐயாவுக்கு நன்றி சொல்லு. மூடினா வானம் தெரியாது. வானம் தெரியலன்னா இது கொட்டா இல்ல, வெறும் வண்டி. எங்களுக்கு நனையத் தெரியும்னு சொல்லு.”

அவன் தார்ப்பாயைத் தலையில் போட்டுக்கொண்டு திரும்பி ஓடினான். மாடி ஜன்னலில் ஒரு திரை அசைந்தது. சாப்பிட்டு முடித்தோம். சொன்னபடி கிளம்பினோம். பண்டிகை முடியும்வரை, வண்டி ஓட்ட விதி அனுமதித்த நாட்களிலெல்லாம் அது எஸ்டேட்டைச் சுற்றியது. கடைசிச் சாப்பாடு மறுபடியும் அதே வாசலுக்கு எதிரே. எட்டாவது நாள், சொன்னபடி, அப்பா ஓலையைப் பிரித்து எருமைக்குப் போட்டார்.

அடுத்த வருடமும் வண்டிதான். அதற்கடுத்த வருடமும். பிறகு மாமா உடம்பு முடியாமல் பம்பாயில் தங்கை வீட்டுக்குப் போய், அங்கேயே காலமானார். உள்ளே பேசுகிற பேச்சைக் கடைசிவரை அவர் மாற்றவில்லை. அதற்காக அவரை எனக்கு இன்னும் பிடிக்கும். கேள்வி கேட்க மூன்று பெரியவர்கள் வரவில்லை; நாங்கள் முங்கவுமில்லை. நீங்கள் யூதரா என்று இப்போதும் கேட்கிறார்கள். வெளியே கேட்டால் என் பதில் ஒன்றுதான். கணக்கு வாத்தியாருக்குச் சொன்ன அதே பதில்.

அப்பாவுக்கு முட்டி போய்விட்டது. வண்டியைப் பழைய இரும்புக்குப் போட்டோம். நான் சென்னீர்குப்பத்தில் ஒரு மாடிப் போர்ஷனில் வாடகைக்கு இருக்கிறேன். மொட்டைமாடிக்கு மேலே வானத்துக்குக் குறைவில்லை. ஆனால் போன வாரம் வீட்டுக்காரர் வந்து சொல்லிவிட்டார்: “தம்பி, மாடியில கம்பு நடறது, ஓல போடறது எல்லாம் கூடாது. அப்புறம் அதுவே ரூமாயிடும்.”

சரி என்று சொல்லிவிட்டேன். தரையில் கால் படாமல் செய்வது எப்படி என்று எனக்குத் தெரியும்.

ஆகவே, என் வகுப்பு நண்பர்களே, உங்களில் யாரிடமாவது மீன்பாடி வண்டி இருந்தால் ஐப்பசி பிறக்குமுன் சொல்லி அனுப்புங்கள். பூந்தமல்லி டிரங்க் ரோடு ஓரமாக நிறுத்துவோம். நீங்களும் ஏறலாம். பத்துக்கு ஆள் எப்போதும் குறைவுதான். பழம் கொண்டுவாருங்கள், பாட்டுக் கொண்டுவாருங்கள், சாக்பீஸ்கூடக் கொண்டுவாருங்கள்.

தார்ப்பாய் மட்டும் வேண்டாம்.